இவரே உம் தாய்

போடிநாயக்கனூர்

அன்பு மகளே,

நான் கும்பிடும் மாதா சொரூபத்தை இங்கேயே விட்டுவிட்டு வந்தால் உங்கள் வீட்டில் தங்கலாம் என்று மாப்பிள்ளை சொல்வதாகப் போனில் தெரிவித்தாய். "மாதாவக் கும்பிடச் சொல்லி பைபிள்ல எங்கம்மா இருக்கு?" என்றும் கேட்டாய்.

கண் மங்கி, நான் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போவதை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. பச்சைக் காயும் வெளுத்த காயும் எனக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. அதனால் பக்கத்து வீட்டுப் பியூலாதான் பைபிளை வாசித்தாள். இதையும் அவளே எழுதுகிறாள்.

சிலுவையில் தொங்கும்போது இயேசு மாதாவைக் காட்டி, "இவரே உம் தாய்" என்று சீடரிடம் சொல்கிறார். கும்பிடு என்று அங்கே இல்லைதான். அந்த நேரமே சீடர் அந்தத் தாயைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார் என்று இருக்கிறது.

"அப்புறம் என்னக்கா எழுத?" என்கிறாள் பியூலா.

இன்னதை விட்டுவிட்டு வா என்று அந்தத் தாயிடம் சீடர் சொன்னதாக பைபிளில் எங்கே இருக்கிறது, கண்ணு?

உன் அம்மா