எலுமிச்சை மேல் ஏறிய இஞ்சின்

ஆயுத பூஜை, இரவு

முழங்கால் உயரம்கூட இல்லாத என் நீராவி ரயில் இஞ்சின் இன்று ஓடிவிட்டது! என் லேத் பட்டறையில் நானே கடைந்து செய்தது. "இன்னிக்கும் ஓடலன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்று என் வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

தன் நெசவுத் தறிக்குப் பூஜை போட்ட கையோடு, தோட்டத்தில் நான் வட்டமாகப் போட்டிருக்கும் குட்டித் தண்டவாளத்துக்கு வந்தார். லாரிக்கு வைப்பதுபோல இஞ்சினின் முன்சக்கரங்களுக்கும் எலுமிச்சை வைத்தார். பழமே சக்கரத்தில் பாதி இருக்கும். நீராவியைத் திறந்தேன். இஞ்சின் முக்கியதே தவிர அசையவில்லை.

"எடுங்க அத."

"பூஜைக்கு வெச்சத எடுக்கக் கூடாதும்மா. நசுக்கிக்கினுதான் போவணும்."

எனக்கு வந்ததே கோபம்! இஞ்சினைக் கையால் ஒரு முழம் பின்னுக்குத் தள்ளினேன். வால்வு சீறும்வரை கரியைப் போட்டு, நீராவியை முழுசாகத் திறந்துவிட்டேன். பழங்கள் சிதறின. இஞ்சின் தண்டவாளத்தை ஒரு சுற்று சுற்றி வந்து நின்றது. அடுத்த சுற்றுக்கு இவரே வேட்டியை மடித்துக்கொண்டு ஆள் உட்காரப் பின்னால் கோத்த பெட்டியில் ஏறி, "ஓடுது! ஓடுது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

எலுமிச்சைச் சாறு பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், ராத்திரியே துடைக்கணும் என்று சொல்லிவிட்டேன். இப்போது தோட்டத்தில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சக்கர இடுக்கில் மாட்டிய கொட்டைகளை ஊசியால் நோண்டிக்கொண்டிருக்கிறார்.

நான் படுக்கப் போகிறேன்.