வலப்பக்கத்து மூச்சுத் துளைகள்

இன்று காலை பாரிசில் ரூ லூயி-பிளாங் தெரு வழியாக வந்தபோது, ஒரு சாப்பாட்டுக் கடையில் புதுக் கொத்துரொட்டித் தகட்டைக் காயவைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். சுடு இரும்பில் எண்ணெய் கருகும் மணம் மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். நீ போய் இரண்டு வருடமாகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டதை இனி எழுதத்தான் முடியும்.

பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில், உணவகங்களுக்குப் புகைக்கூண்டு செய்யும் பட்டறையில் நாம் ஒன்றாகத் தகடு வளைத்தவர்கள். ஆற்றங்கரைப் பழைய புத்தகக் கடையொன்றில் நீ அந்தப் பட அட்டையை வாங்கினாய். ஏதோ ஒரு பழைய கையெழுத்துப் பிரதியின் ஓவியம்; தலையை முழுதாக மூடிய இரும்புக் கவசத்தோடு, ஈட்டிச் சண்டைக்குக் குதிரையில் பாயும் ஒரு வீரன். "மச்சான், இதைச் செய்து பாப்பமே?" என்றாய். நான் படத்தைப் பெருப்பித்து அளவு கீறினேன். சனிக்கிழமைகளில் முதலாளியிடம் பட்டறைத் திறப்பு வாங்கி, பூட்டைத் திறந்து நீ தகடு அடித்தாய். மூன்று கவசங்கள் பிழைத்துப்போயின. நாலாவது சரிவந்தது; அதைச் சுடவைத்து எண்ணெய் பூசிக் கறுப்பாக்கினாய்.

மூச்சுத் துளைகளில்தான் நமக்குச் சண்டை. படத்தில் வீரனின் இடப்பக்கம் மட்டும் தெரிந்தது; அதில் துளையே இல்லை. கீறியவன் மறந்துவிட்டான், இரண்டு பக்கமும் போடு என்றேன். நீ பட்டறை கூட்டும் தும்புத்தடியை ஈட்டிபோலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னையும் ஒரு தடியோடு எதிரே வரவைத்தாய்.

"பார், உன்ரை ஈட்டி எனக்கு இடப்பக்கத்தாலைதான் வருது. அங்கை ஓட்டை போட்டால் தகடு தாங்காது. அவன் மறக்கேல்லை."

வலப்பக்கம் மட்டும் துளையிட்டாய். போட்டுப் பார்த்துக் கழற்றியபோது முகமெல்லாம் வியர்வை. "உள்ளுக்கை என்ரை மூச்சு மட்டும்தான் கேக்குது" என்றாய்.

பாரிசுக்கு வெளியே, ஒரு சிறு கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்துக்கு, காட்சிக்கு வைப்பார்களா என்று கேட்க அதைக் கொண்டுபோனோம். பொறுப்பாளரான பெண்மணி திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளைகளில் விரல் வைத்து, "வலப்பக்கம் மட்டும்! இதை யோசித்தது யார்?" என்று பிரெஞ்சில் கேட்டார். நீ எனக்குப் பின்னால் நின்றாய். நான் திரும்பவில்லை. "நான்" என்றேன். அவர் கவசத்தைக் காட்சிக்கு வாங்கிக்கொண்டு, செய்தவன் என்று என் பெயரை எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல் விளங்காத அளவுக்கு உன் பிரெஞ்சு மோசமில்லை.

திரும்பும் ரயிலில் நான் ஏதேதோ பேசினேன். "பரவாயில்லை, விடு மச்சான்" என்றாய். நான் மன்னிப்பே கேட்டிருக்கவில்லை.

அடுத்த சனி நீ வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. வேலையில் சிரித்தாய், கொண்டுவந்த சோற்றில் எனக்கும் பங்கு வைத்தாய். இரும்புக் கவசம் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. நல்ல நேரம் பார்த்து மன்னிப்புக் கேட்கலாம் என்று நானும் வருடங்களைக் கடத்தினேன். ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறையில் சாய்ந்தாய். ஆம்புலன்ஸ் வரமுன் முடிந்துவிட்டது.

போன மாதம் அந்தக் கோட்டைக்குத் தனியே போய் உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண்மணி கோபிக்கவில்லை. "அப்படியென்றால் அவரை ஒருநாள் கூட்டி வாருங்கள்" என்றார். நீ இப்போது உயிரோடு இல்லை என்றேன்.  அவர் பேனாவை எடுத்து, உன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

இப்போது அங்கே கவசத்தின் கீழே உன் பெயர் இருக்கிறது. ஆனாலும், "நான்" என்று சொன்ன அந்தக் கணத்தில் உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ முகங்களை வைத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்.