மந்திரித்த ஏழு வண்டிகள்

மார்ச் 2, சனி

துணி துவைத்துக் காயப்போட்டேன். பம்ஃபிலின் அங்கியில் மறுபடி மெழுகு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு ஞாயிறாவது மெழுகு கொட்டாமல் பூசை வைத்ததில்லை இந்த மனுஷர்.

சாயங்காலச் செய்தியில் எங்கள் வகைக் காரைக் காட்டினார்கள். ஸ்டியரிங் தண்டில் ஒரு போல்ட் தானாகக் கழன்றுகொள்ளுமாம். நாம் ஒரு பக்கம் திருப்பினால் சக்கரம் தன் பாட்டுக்கு நேரே போகுமாம். அந்த வகை வண்டிகளையெல்லாம் கம்பெனி திருப்பி அழைக்கிறது, உடனே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் இலவசமாகச் சரிசெய்து தருவார்கள் என்று புக்கரெஸ்டிலிருந்து ஒருவர் சிரித்த முகமாகச் சொன்னார். பம்ஃபில் டிவியை அணைத்துவிட்டு, களிக்குப் பாலாடைக்கட்டி போதவில்லை என்றார்.

எங்கள் பிரூனி ஊரில் அந்த வகை வண்டி ஏழு. கோயில் சாமி, அதாவது எங்கள் வீட்டுக்காரர், வாங்கிவிட்டார் என்றுதான் மற்ற ஆறு வீட்டிலும் வாங்கினார்கள். ஏழையும் கோயில் வாசலில் வரிசையாக நிறுத்தி மந்திரித்தவர் இவர்தான். ஸ்டியரிங்குக்குத் தனியாக ஒரு ஜெபம், துளசிக் கொத்தால் தாராளமாகத் தீர்த்தம். அதுதான் இப்போது தொண்டையில் நிற்கிறது அவருக்கு.

மார்ச் 6, புதன்

ஏழு வீட்டுக்கும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்திருக்கிறது. ஒருவரும் அசையவில்லை. கோயிலில் பாடும் தொவாதேர் கடை வாசலில் நின்று எல்லாருக்குமாகப் பேசுகிறார். "சாமி மந்திரிச்ச வண்டி. அவரு வண்டி மொதல்ல போகட்டும், அப்பறம் நம்மளுது போகும்."

சாமி வண்டி போகவில்லை.

மார்ச் 11, திங்கள்

எங்கள் ஆர்த்தடாக்ஸ் சபைக்கு இன்று தவக்காலம் ஆரம்பம். நேற்றுப் பூசையில் இவர் ஓர் அறிவிப்புச் செய்தார்: ஈஸ்டர் வரை காரில் ஏறுவதில்லை, எங்கே போனாலும் நடைதான். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் துடைக்கவில்லை. போன தவக்காலத்தில் பிளம் சாராயத்தை விட்டேன் என்றவர். இரண்டாவது வாரமே இருமலைக் கண்டுபிடித்தார், சாராயம்தான் அதற்கு மருந்து. திடீரென்று எங்கிருந்து வந்தது இவ்வளவு பக்தி?

மார்ச் 19, செவ்வாய்

மழை. மலை மேலே ஒரு நோயாளிக்கு நற்கருணை கொடுக்க நடந்தே போய், நனைந்த கோழியாகத் திரும்பினார். தும்முகிறார். கேட்டால் உடம்புக்கு நல்லதாம்.

மார்ச் 20, புதன்

கொட்டகையில் காரின் மேல் போட்டிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். முன்பக்கம் நசுங்கியிருக்கிறது. இடுக்கில் மரப்பட்டை, காய்ந்த சேறு.

கேட்டதும் ஒப்புக்கொண்டார். நகரத்து ரோட்டில், மில் வளைவில் நடந்ததாம். பிப்ரவரியில். இவர் திருப்பியிருக்கிறார், வண்டி திரும்பவில்லை. அங்கே ஒரு மரம் நின்றதால் மரத்தோடு போயிற்று. மரம் இல்லையென்றால் நேரே ஓடைதான். ஒரு மாசமா என் பக்கத்துல படுத்துத் தூங்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லல இந்த மனுஷன்! நீங்க மட்டும் நடந்து தப்பிச்சுக்குவீங்க, மத்த ஆறு வீடும் எப்படிப் போனா என்ன, இல்லையா என்று கேட்டேன். கத்தினேன் என்றே எழுதலாம்.

அவர் கத்தவில்லை. "இப்ப வண்டியத் திருப்பிக் கூப்புடுறாங்க. நான் கொண்டுபோய் விட்டா, நாளைக்கு இதே தொவாதேர் கேப்பான், கிளிகேரியா. சாமி, எம் பையனுக்கு நீங்க குடுத்த ஞானஸ்நானத்தையும் திருப்பிக் கூப்புடுவாங்களான்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கோபம் பாதியில் நின்றால் மறுபடி பிடிப்பது கஷ்டம்.

ஏப்ரல் 3, புதன்

நர்ஸ் செனோவியா, ஏழில் ஒன்றான தன் காரில், தொவாதேரின் பிள்ளைத்தாய்ச்சி மருமகள் ருக்சந்திராவை நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அதே மில் வளைவு. திரும்பாமல் நேரே போய் வைக்கோல் போருக்குள் புகுந்துவிட்டது வண்டி. ஒரு கீறல் இல்லை. தலையெல்லாம் வைக்கோலோடு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்கள். நான் இரண்டு பேர் தலையிலிருந்தும் வைக்கோலைப் பொறுக்கி எடுத்தேன்.

அப்பாடா, இனிமேலாவது புத்தி வரும் என்று பார்த்தால், தொவாதேர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார்: "மந்திரிச்ச வண்டிங்கிறது இதான். பள்ளத்த விட்டுட்டு மெத்து மெத்துனு வைக்கோலாப் பாத்துல்ல போயிருக்கு."

பம்ஃபில் இன்று சாப்பிடவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

பூசை முடிந்ததும் பேசுவதற்காக மக்கள் பக்கம் திரும்பினார். இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அதற்குள் தொவாதேர் எழுந்து, வைக்கோல் அதிசயத்துக்காகச் சாமிக்கு ஊர் சார்பில் நன்றி சொன்னார். எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இவரும் போட்டுக்கொண்டார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

சரி. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 8, திங்கள்

அவர் வெளியே போனதும் நகரத்து ஒர்க்‌ஷாப் முதலாளி தொரினெலுக்குப் போன் போட்டேன். புதுக் கட்டடம் கட்டிவிட்டு மந்திரிக்காமல் வைத்திருக்கிறீர்களே, நல்லதா என்று கேட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. எங்கள் சாமியை நீங்களாகவே கூப்பிடுங்கள், ஏழு வண்டியும் பின்னாலேயே வரும், அவர் உள்ளே ஜெபம் பண்ணும்போது நீங்கள் போல்ட்டைப் பாருங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க இருக்க வேண்டிய எடம் பார்லிமென்ட்டும்மா" என்றார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

தொரினெல் போன் செய்து மிகப் பணிவாக அழைத்தாராம். இவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு வெளிச்சம். ஒர்க்‌ஷாப்பை மந்திரித்தால் அங்கே வண்டிகளும் இருக்க வேண்டுமே என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். அவரே, "ஏழையும் கொண்டுபோவோம், பவனியா" என்றார்.

பவனி என்றால் சிலுவையோடு இவர் முன்னால் நடப்பார். தவக்கால விரதம் இருக்கிறதே. சிலுவையை எந்த வண்டியும் முந்தக் கூடாது, எல்லாம் நடைவேகம்தான். அந்த வளைவை எப்படித் தாண்டுவது என்று நான் இரவெல்லாம் தவித்தது வீண். எவ்வளவு வசதியாகப் போயிற்று! தனக்கே தெரியாமல் நல்லது செய்கிறார் மனுஷர்.

ஏப்ரல் 11, வியாழன்

இப்படி ஒரு பவனியை நகரம் பார்த்திருக்காது. முன்னால் இவர், பின்னால் கொடிகள், அதற்குப் பின்னால் நடைவேகத்தில் ஏழு கார். எங்கள் காரை நான் ஓட்டினேன். மில் வளைவில் இவர் நின்று திரும்பி, ஒவ்வொரு வண்டியாகக் கையசைத்துக் கடக்க விட்டார். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து அடித்துச் சலித்தார்கள்.

வண்டியை லிஃப்டில் ஏற்றினால் அடிப்பக்கத்துக்கும் ஆசீர்வாதம் கிடைக்குமே என்று தொரினெல் சொன்னார். சாமி வண்டியே மேலே ஏறியதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் வண்டியை ஏற்றினார்கள். சாம்பிராணிப் புகைக்குள் ஸ்பானர் சத்தம். நாலாவது வண்டியில் ஒரு போல்ட் விரலாலேயே கழன்று வந்ததை என் கண்ணால் பார்த்தேன். செனோவியாவும் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜெபம் முடிந்தபோது இன்னும் மூன்று வண்டி பாக்கி. நான் விரலைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவர் என்ன நினைத்தாரோ, மெக்கானிக்குகளின் செத்துப்போன சொந்தக்காரர்கள் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி ஜெபிக்கத் தொடங்கினார். தொவாதேருக்குப் பாடிப் பாடித் தொண்டை கட்டிவிட்டது. அதற்கும் ஒரு நன்றி, ஆண்டவரே.

ஏப்ரல் 14, ஞாயிறு

மரத்தில் மோதியதைப் பூசையில் சொல்லிவிட்டார். முன்னமே சொல்லாதது தப்பு, மன்னியுங்கள் என்று தலை குனிந்தார். உடனே தொவாதேர் எழுந்து, கட்டிய குரலில், "அப்ப சாமிக்கும் அதிசயம் நடந்திருக்கு" என்றார்.

இந்த ஊரை ஒன்றும் செய்ய முடியாது.

ஜூன் 2, ஞாயிறு

ருக்சந்திராவின் பையனுக்கு ஞானஸ்நானம். இவர் தண்ணீரில் மூன்று முறை முக்கி எடுத்தார், கோயிலே அதிரும்படி கத்தினான். தொவாதேர் வீட்டில் விருந்து. இரண்டு துண்டு கேக் அதிகமாகவே சாப்பிட்டேன்.

திரும்பும்போது இவர்தான் ஓட்டினார். மில் வளைவு வருவதற்கு முன் வேகத்தைக் குறைத்து, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "தொரினெல் ஒர்க்‌ஷாப்ப போன அக்டோபர்லயே பிஷப் வந்து மந்திரிச்சிட்டாரு. தீர்த்தச் செம்பப் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்துல நின்னது நான்."

காது சூடாகிவிட்டது எனக்கு. அப்போ போன் வந்தபோதே தெரியுமா என்று கேட்டேன்.

"உன்ன விட்டா வேற யாருக்குத் தோணும் இந்த மாதிரி?" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். வண்டி திரும்பியது.