கூவாத பெண்

பட்டினப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நிஷாவுக்கு,

போனில் முடிகிற விஷயத்துக்குக் கடிதம் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். குரல் பதிவாக அனுப்பலாம் என்று முயன்றேன். கேட்டுப் பார்த்தால் "வந்து, வந்து" என்றே இருக்கிறது. நம் பேச்சு மன்றத்தில் யார் "வந்து" என்று இழுத்தாலும் மணி அடிக்கிற வேலை என்னுடையது. எனக்கு நானே மணி அடித்துக்கொள்ள மனம் வரவில்லை.

கோயம்புத்தூர் பிடித்திருக்கிறதா? ஹாஸ்டல் சாப்பாட்டில் காரமே இல்லை என்று எழுதியிருந்தாய். அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். ஹாஸ்டலில் நாற்றம் என்று சண்டைக்கு வருவார்களோ என்றுதான் அனுப்பவில்லை.

ஆழ்வார்பேட்டை ஹாலில் சனிக்கிழமைக் கூட்டம் வழக்கம்போல நடக்கிறது. புதிதாக யார் மேடை ஏறினாலும் ஸ்ரீரஞ்சனி மேடம், "நிஷா எப்படி நிப்பா, ஞாபகம் இருக்கோன்னோ? அப்படி நில்லுங்கோ" என்கிறார். நீ ஊரைவிட்டுப் போன பிறகும் அந்த மேடையில் நீதான் நிற்கிறாய்.

இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ நாற்காலியைவிட்டு எழும்போதே எனக்கு எரியத் தொடங்கிவிடும். மைக்கைத் தொடுவதற்கு முன் கடைசி வரிசையை ஒரு முறை பார்ப்பாய். அங்கே உட்கார்ந்திருப்பவர் உடனே நிமிர்ந்துவிடுவார். நிறுத்த வேண்டிய இடத்தில் பயமில்லாமல் நிறுத்துவாய். என் வாயில் அதே மௌனம் வந்தால் "மறந்துவிட்டாள், பாவம்" என்பார்கள். நீயும் நானும் நம் வீடுகளில் முதலில் பட்டம் வாங்கியவர்கள். அதே பஸ், அதே வகுப்பு. உனக்கு மட்டும் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை புரியவில்லை. ஆனாலும் உன் பேச்சை மதிப்பிட எழுந்தபோதெல்லாம் நான் உள்ளதைத்தான் சொன்னேன். எரிச்சலில் ஒன்றைக்கூடக் குறைத்ததில்லை.

சென்னைச் சுற்றுப் போட்டிக்கு முன்னால் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஒத்திகை பார்த்தோமே, அந்த மாலையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். புதுப் பேச்சு என்று ஆரம்பித்தாய். இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் பஸ்ஸில் நான் உன்னிடம் சொன்னது அது. தொண்டையில் ஆபரேஷன் ஆன மீன்காரம்மா; ஒரு மாதம் பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னது; ப்ளஸ் டூ முடித்த மகளை மந்தைவெளித் தெருக்களுக்குக் கூட்டிக்கொண்டு போய், நீ கூவு என்று கையைக் காட்டியது; அந்தப் பெண் வாயைத் திறந்தபடி சத்தம் வராமல் நின்றது. கடைசியில் அந்த அம்மா கத்தியின் முதுகால் அன்னக்கூடையைத் தட்டித் தட்டி விற்றது. நீ என் பெயரைச் சொல்லவில்லை. "எனக்குத் தெரிந்த ஒரு பெண்" என்றாய்.

முடித்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டாய். மன்றத்தின் விதி உனக்கே தெரியும். மதிப்பிடுகிறவர் சொன்ன விதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும், சொன்ன விஷயத்தைப் பற்றிப் பேசக்கூடாது. எனக்கு அந்த விதி பழகிப்போயிருந்தது. குரல் நன்றாக இருக்கிறது என்றேன். கைகள் கொஞ்சம் அடங்கட்டும் என்றேன். அப்புறம், முடிவு இறங்கிப்போகிறது, கேட்பவர்கள் மனம் தொங்கிப்போகும், அதைக் கொஞ்சம் ஏற்று என்றேன். அது என்னுடைய முடிவு, நிஷா. இறங்கிப்போகிறது என்று நானே சொன்னேன்.

நீயும் ஏற்றினாய். போட்டியன்று உன் மேடையில் அந்தப் பெண் கூவிவிட்டாள். "வஞ்சிரம், சங்கரா" என்று நீ குரலை எடுத்ததும் ஹாலே எழுந்துவிட்டது. நானும் எழுந்து கைதட்டினேன்.

போன வாரம் அந்த வீடியோ மன்றத்துக் குழுவில் வந்தது. போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, அன்னக்கூடை என்றதும் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "இன்னாடி, இது நம்ம கதெ மாரி கீது" என்றாள். கோபப்படுவாள் என்று பயந்தேன். அவளோ கடைசிவரை பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எப்டி கூவுது பாரு அந்தப் பொண்ணு. அந்தப் பொண்ண எனுக்குக் குட்த்திருந்தா நான் ஏன் கூடயத் தட்டினு நிக்கப்போறேன்" என்றாள்.

மறுநாள் மீன் விற்கிற இடத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறாள். சாப்பாடு கொடுக்கப் போனபோது பக்கத்தில் மீன் விற்கும் பங்கஜம் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே, "ஏன் தேசம்மா, உம் பொண்ணு எப்போ கூவுச்சு?" என்று கேட்டது. அம்மா மீனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது கதெல கூவுச்சு. வூட்ல வாயத் தொறக்காது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மாவுக்கு உன் மேல் ஒரு வருத்தமும் இல்லை. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் தினமும் போடச் சொல்கிறாள்.

இத்தனை நாளும் என் பொறாமை உன் மேல்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது உன் கதையில் கூவிய அந்தப் பெண்ணைக் கண்டால்தான் எனக்கு ஆகவில்லை. என் அம்மாவோடு மந்தைவெளிக்குப் போனவள் அவள் இல்லை. அந்த வெயிலில் அவள் நிற்கவில்லை. ஆனால் அம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு செய்தி. மேடமிடம் மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வரும் சனிக்கிழமை என் முதல் பேச்சு. அம்மாவைக் கூப்பிட்டேன். "வியாபாரத்த வுட்டுட்டா?" என்றாள். ஆனால் நல்ல புடவை ஒன்றை அயர்ன் கடையில் கொடுத்திருக்கிறாள். தினமும் கடற்கரைச் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகுகிறேன். "வந்து" இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

என் பேச்சுக்கு மறுநாள் கோவையில் உனக்கு இறுதிப் போட்டி. நீ ஜெயிப்பாய். உடம்பைப் பார்த்துக்கொள், தொண்டைக்கு வெந்நீர் குடி, ஐஸ் வேண்டாம். வேளாங்கண்ணி மாதாவிடம் அம்மாவும் உனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள். சென்னைச் சுற்றை ஜெயித்த அதே பேச்சைத்தான் கோவையிலும் பேசப்போவதாக மேடம் சொன்னார். புதிதாக ஒன்று தயாரிக்க ஒரு வாரம் போதாது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்.

அந்தக் கதையை எனக்கு விட்டுவிடு, நிஷா. உன்னிடம் எத்தனையோ இருக்கும், என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. சனிக்கிழமை அது இறங்கியே முடியட்டும். அந்தப் பெண் இன்னும் கூவவில்லை. என்றைக்காவது கூவுவாள் என்றால், அதை அம்மா என் வாயால் கேட்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அனு