லீவில் இருந்தவன்

பதக்கம் வாங்கிய மாவீரனுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். உனக்கென்ன குறை?

என் பணிப் பதிவேட்டைத் திருத்தச் சொல்லி ராணுவ ஆவண அலுவலகத்துக்கு மூன்றாம் முறையாகப் போனேன். குமாஸ்தா கோப்பைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "குண்டு விழுந்த அன்னிக்கு நீங்க லீவுல இருந்திருக்கீங்களே ஐயா. லீவுல இருந்தவருக்கு எப்படிப் பதக்கம் குடுப்பாங்க?"

நியாயமான கேள்விதான். "பொண்டாட்டிக்குப் பிரசவ நேரம்டா, உன் லீவுச் சீட்டக் குடுடா" என்று என் காலைப் பிடித்தவன் நீ. என் பெயரில் நீ வீட்டுக்குப் போனாய். உன் பெயரில் நான் காவலுக்கு நின்றேன். புதிதாக வந்த அதிகாரிக்கு முகம் தெரியாது, பட்டியல்தான் தெரியும். எரிகிற வண்டியிலிருந்து ஆட்களை இழுத்தவன் நான். பதக்கத்தைக் கூச்சமே இல்லாமல் நெஞ்சில் குத்திக்கொண்டவன் நீ.

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்று நான்கு கடிதம் போட்டேன். உன்னிடமிருந்து மூச்சே இல்லை.

மேடையில் மூன்று பேரைத் தூக்கி வந்ததாகப் பேசுகிறாயாமே. நான்கு பேரடா. நான்காமவன் என் தோளிலேயே செத்தான். திருடியதையாவது முழுசாகத் திருடக் கூடாதா?

உன் பாராட்டு விழாவுக்கு அழைக்க உன் மகள் வந்திருக்கிறாள். அன்று நீ பார்க்க ஓடிய அதே குழந்தை. என் கைகளைப் பார்த்து, "இந்தத் தீக்காயம் எப்படி மாமா ஆச்சு?" என்று கேட்டாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு இதை எழுத வந்தேன். கூடத்தில் காத்திருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன்.

உறையை ஒட்டவில்லை.

இப்படிக்கு,
அன்று லீவில் இருந்தவன்