உலுக்கி விழுந்த மாவடு

அக்கா,

இன்று காலை வாசலுக்கு மாவடு வந்தது. கூடைக்காரி முறத்தில் கொட்டியதும் காம்பில் கசிந்த பாலின் வாசம் மூக்கில் ஏறியது. கூடவே நீங்களும் வந்தீர்கள். நீங்கள் போய் இத்தனை வருஷம் ஆகியும் என் ஆத்திரம் தீரவில்லை. செத்துப்போனவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டுமாம். நான் எழுதப்போவதில்லை.

விஸ்வநத்தத்து வீட்டுக்கு நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு மத்தாப்புக் கம்பெனியில் மருந்துக் கூழில் கம்பி முக்கும் வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் பவுடர் வெள்ளியாக மினுங்கும். அடுப்படி உங்கள் ராஜ்ஜியம். மாமியாருக்கு நீங்கள் சொன்னதுதான் வேதம்.

நம் நாத்தனார் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். அவள் நாக்கு புளிப்புக்கு ஏங்குகிறது, ஒரு ஜாடி மாவடு போட்டு அனுப்புங்கள் என்றார் மாமியார். நீங்கள் ராஜபாளையத்துப் பக்கம் இருக்கும் உங்கள் பிறந்த வீட்டுத் தோப்பிலிருந்து ஒரு சாக்குக் காய் வரவழைத்தீர்கள். "எங்க அண்ணன் தோப்புக் காயி. இதுக்கு ஈடா எங்கன கிடைக்கும்?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னீர்கள்.

சாக்கைப் பிரித்தால் பாதிக் காயில் காம்பில்லை. பலதும் கன்றிப்போயிருந்தது. "அக்கா, மரத்தை உலுக்கி விழுந்த காயி மாதிரி இருக்கு. அடிபட்டது ஊறுனா கொளகொளத்துரும். காம்போட இருக்கிறதா பொறுக்கிப் போடுங்க" என்றேன்.

"எங்க வீட்டுக் காயை நொட்டை சொல்ல வந்துட்டாளாக்கும்" என்று அத்தனையையும் உப்பில் போட்டீர்கள். ஜாடியைத் தினம் குலுக்கிவைக்கிற வேலையை மட்டும் என் தலையில் கட்டினீர்கள்.

நாத்தனார் வீட்டுக்குப் போன ஜாடி மூன்றாம் வாரம் திரும்பி வந்தது. விரலால் அமுக்கினால் காய் கூழாகப் போனது. சம்பந்தி வீட்டில் சிரித்தார்களாம். என்ன ஆயிற்று என்று மாமியார் கேட்டபோது நீங்கள் யோசிக்கக்கூட இல்லை.

"தினம் குலுக்குனது இவதானே அத்தே. பட்டாசு மருந்து பட்ட கை. காயி எப்படி நிக்கும்? வயித்துப் பிள்ளைக்காரிக்கு ஒண்ணும் ஆகாமப் போச்சே, அதைச் சொல்லுங்க."

ஆள் ஏற்றிப் பறிக்கச் சோம்பல்பட்டு உங்கள் அண்ணன் மரத்தை உலுக்கியிருந்தார். அதைச் சொன்னால் பிறந்த வீட்டு மானம் போகும். என் கையைச் சொன்னால் உங்களுக்கு என்ன போகும்?

அன்றிலிருந்து நான் அடுப்படிக்குள் போகக்கூடாது, இலையில் ஒரு கரண்டி சோறு வைக்கக்கூடாது. என் புருஷன்கூட என் கையால் தண்ணீர் வாங்கத் தயங்கினார். என் கூலியில் மட்டும் யாருக்கும் மருந்து நாற்றம் அடிக்கவில்லை. தனிக்குடித்தனம் போகும்வரை நாலு வருஷம் இப்படித்தான் கிடந்தேன்.

தனி வீட்டில் முதல் வேலையாக மாவடு போட்டேன். காம்போடு கையால் பறித்த காயாகப் பார்த்து வாங்கி, கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் புரட்டி, கல் உப்பும் மஞ்சளும் கடுகுப் பொடியும் சேர்த்துத் தினம் குலுக்கினேன். அப்போதும் அதே கம்பெனிதான், அதே கைதான். அடுத்த வருஷக் காய் வரும்வரை கெட்டியாக நின்றது.

நீங்கள் காய்ச்சலில் படுத்தபோது வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை என்றார்கள். ஒரு கிண்ணம் மாவடு கொண்டுவந்தேன். பாசத்தில் இல்லை. நீங்கள் கடிக்கும் சத்தத்தை நான் கேட்க வேண்டும் என்றுதான். நறுக்கென்று கேட்டது.

"இம்புட்டுக் கெட்டியா எப்படி நிக்குது?"

"கையால பறிச்ச காயி, அக்கா."

உங்களுக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தையே பார்த்தீர்கள். ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்து நின்றேன். "உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நாலாம் நாள் போய்ச் சேர்ந்தீர்கள்.

கம்பெனி வேலையை விட்டுப் பல வருஷமாயிற்று. இந்தத் தெருவில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் பந்தியில் மாவடு வைக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகிறேன். முதல் இலைக்குக் குனிவதற்கு முன்னால், யாரும் பார்க்காத நேரம் பார்த்து, என் கையை முகர்ந்துகொள்கிறேன்.