கடல் இருந்த கிரகம்

மருமகளுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. என் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எட்டிக்கூடப் பார்க்காததை நான் மறக்கவில்லை. சாகிறவரை மறக்கவும் மாட்டேன்.

டாக்டர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அவன் படுத்தபடியே டிவியில் ஒரு விளையாட்டு ஆடுவான். விண்வெளிக் கப்பலை ஓட்டிக்கொண்டு கிரகம் கிரகமாகச் சுற்றுகிற ஆட்டம்.

"முடிவே இல்லாத ஆட்டத்த எதுக்குடா கட்டிக்கிட்டு அழற?" என்று கேட்டேன்.

"பிடிச்ச எடத்துல இறங்கி ஒரு வீடு கட்டிட்டா, அதுதாம்மா முடிவு. கடல் பக்கத்துல வீடு வேணும்னு அவ கேட்டாளே, இதுலயாவது கட்டிடறேன்," என்றான்.

பேத்தியையும் தூக்கிக்கொண்டு அவனை விட்டுவிட்டுப் போனவளுக்கு வீடாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் இறங்கிய கிரகமெல்லாம் மணலும் விஷக்காற்றும்தான். கடலைக் காணாமலே போய்விட்டான்.

காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, அந்த ஆட்டத்தின் பொத்தான்களை நானே அழுத்திப் பழகினேன். கப்பலைப் பாறையில் கொண்டுபோய் முட்டாத நாளில்லை. போன வாரம் ஒரு கிரகத்தில் இறங்கினால், கண்ணுக்கு எட்டியவரை கடல். "டேய், கெடைச்சிருச்சுடா!" என்று கத்திவிட்டேன். கேட்பதற்குத்தான் வீட்டில் யாருமில்லை.

கரையிலேயே வீட்டைக் கட்டினேன். சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் வைத்தாயிற்று. கதவை மட்டும் வைக்கவில்லை. வைத்தால் அவன் ஆட்டம் முடிந்துவிடும். எனக்குக் கை வரவில்லை. நீ கேட்ட வீடுதானே? பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்து நீயே வைத்துவிட்டுப் போ. என்னோடு பேச வேண்டும் என்று கட்டாயமில்லை.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் மாமியார்